பழைய மெசின்களும் பேட்டன்ட் எண்களும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்னக் கடை வைத்துத் தையல் மெசின், பெற்றோமாக்ஸ், பிறைமஸ் அடுப்பு, பழைய சைக்கிள் எல்லாம் திருத்துகிறேன். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று பல இடங்களில் இருந்தும் சாமான் வரும். சாமானோடு கேள்வியும் வரும். "இதில பேட்டன்ட் என்று ஏதோ வெட்டியிருக்கே, அது என்ன?" என்று தொடங்கினால் ஒரு பிளேன்டீ ஆறும்வரை கதை போகும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

பேட்டன்ட் என்டா என்ன? சுருக்கமாச் சொல்லுங்க.

தமிழில் காப்புரிமை. புதிதாக ஒன்றைச் செய்தவர், அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படம் போட்டு, ஒளிக்காமல் எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கிறார். பதிலுக்குக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு, தன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது.

தடுக்கும் உரிமை என்பதைக் கவனியுங்கள். செய்யும் உரிமை அல்ல. தையல் மெசினில் இது நன்றாகத் தெரியும். எலியாஸ் ஹோவ் 1846 இல் காப்புரிமை எடுத்தார். ஐசக் சிங்கர் 1851 இல் தன் மெசினுக்கு எடுத்தார். சிங்கரின் கையில் காப்புரிமை இருந்தும், ஹோவின் உரிமைக்குள் கால் வைக்காமல் அவரால் மெசின் செய்ய முடியவில்லை. வழக்காடிக் களைத்து, 1856 இல் இவர்கள் இருவர் பக்கமும் இன்னும் இரண்டு கொம்பனிகளுமாக நான்கு தரப்பும் சேர்ந்து காப்புரிமைகளை ஒரே கூட்டில் போட்டுக்கொண்டன. அந்தக் கூட்டு 1877 வரை ஓடியது. அதே 1877 இல்தான் சிங்கர் கொம்பனி இலங்கைக்கும் வந்தது.

எங்கட பெத்தாட சிங்கர் மெசினில Y என்ற எழுத்தோட நீள எண் ஒன்று இருக்கு. அதுதான் பேட்டன்ட் எண்ணா?

இல்லை. மெசின் தட்டின் வலது பக்கம் எழுத்தோடு இருப்பது தொடர் இலக்கம். அந்த ஒரு மெசினுக்கு மட்டும் உரியது, நமது அடையாள அட்டை இலக்கம் மாதிரி. காப்புரிமை எண் அந்த வடிவமைப்பில் செய்த எல்லா மெசினுக்கும் பொது. அதன் அருகில் 'பேட்டன்ட்' என்றோ 'பாட்.' என்றோ எழுதியிருக்கும்.

Y எழுத்துக்காரி ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் பிறந்தவள். அந்தத் தொழிற்சாலையை 1980 இல் மூடிவிட்டார்கள். பெத்தாவின் மெசின் இன்னும் தைக்கிறது.

எண்ணைப் பார்த்து எத்தனை வருசப் பழசு என்று சொல்ல ஏலுமா?

அமெரிக்க எண் என்றால் ஓரளவு ஏலும். அங்கே 1836 இலிருந்து எண்கள் முறியாமல் ஏறிக்கொண்டே போகின்றன. 1900 ஆம் ஆண்டின் முதல் எண் 640,167. பத்து இலட்சமாவது எண் 1911 ஆகஸ்ட் 8 ஆம் திகதி ஒரு வண்டி டயருக்குப் போனது. இருபது இலட்சத்தை 1935 இல் தொட்டார்கள். ஆகவே ஒரு பூட்டில் எட்டு இலட்சத்துச் சொச்சம் என்று இருந்தால் 1905, 1906 அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிரித்தானிய எண் கொஞ்சம் தலையிடி. 1916 க்கு முன் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். எண்ணோடு ஆண்டும் இருந்தால்தான் உதவும். 1916 இலிருந்து 100,001 என்று ஆரம்பித்துத் தொடர்ச்சியாகப் போட்டார்கள். ஆகவே ஆறு இலக்கப் பிரித்தானிய எண் கண்டால் அது முதலாம் உலகப் போரின் நடுப்பகுதிக்குப் பிந்தியது.

ஒரு எச்சரிக்கை: இது காப்புரிமையின் வயது, சாமானின் வயது அல்ல. 1906 காப்புரிமை எண்ணை 1920 இல் செய்த சாமானிலும் வெட்டியிருப்பார்கள். சாமான் அதற்கு முந்தியது அல்ல என்பது மட்டும் நிச்சயம். இன்னொரு வேடிக்கை, அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகும். நம் ஆட்கள் செவ்வாயில் ஒரு நல்ல காரியமும் தொடங்கமாட்டார்கள். அங்கே கண்டுபிடிப்பாளர்கள் செவ்வாய்க்கு ஏங்கிக்கொண்டு இருந்தார்கள்.

எண்ணே இல்ல, டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்று எழுத்து மட்டும் இருக்கே?

ஜேர்மன் சாமான். டி.ஆர்.பி. என்பது ஜேர்மன் பேரரசின் முழுக் காப்புரிமை, 1877 இல் தொடங்கியது. டி.ஆர்.ஜி.எம். அதன் தம்பி. 1891 இல் வந்தது. சின்னச் சின்னத் திருத்தங்களுக்குக் குறைந்த காலத்துக்குக் கொடுத்தது. கத்தரிக்கோல், மணிக்கூடு, விளக்கு என்று எல்லாவற்றிலும் இதைக் காணலாம். இரண்டும் 1945 ஓடு போய்விட்டன. ஆகவே இந்த எழுத்துகள் இருந்தால் சாமான் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது.

பெற்றோமாக்ஸ் விளக்கைக் கண்டுபிடிச்சவர் யார்?

ஒரு ஆள் என்று சொல்ல முடியாது. 1910 அளவில் பேர்லினில் எஹ்ரிக் அன்ட் கிரேட்ஸ் என்ற கொம்பனியில் மாக்ஸ் கிரேட்ஸ் இதை உருவாக்கினார். பெற்றோலியத்தின் பாதியும் அவருடைய மாக்ஸும் சேர்ந்துதான் பெயர். ஆனால் அழுத்தத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் வேலையை, அதற்கு முன்பே 1892 இல் சுவீடனின் லின்ட்க்விஸ்ட் பிறைமஸ் அடுப்பில் செய்துவிட்டார். வெளிச்சம் தரும் மென்டல் என்ற வலைப்பை, ஒஸ்திரியாவின் கார்ல் அவுவர் என்பவரின் 1885 காப்புரிமையிலிருந்து வருகிறது. அவரது முதல் மென்டல் பச்சை நிறமாக எரிந்து யாருக்கும் பிடிக்கவில்லை. 1891 இல் தோரியம் ஒக்சைட் 99 வீதம், சீரியம் ஒக்சைட் 1 வீதம் என்று கலவையை மாற்றினார். வெள்ளை வெளிச்சம் வந்தது.

இந்தத் தோரியத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1904 இல் இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசாமி ஒரு புதிய கனிமத்தைக் கண்டெடுத்தார். அதில் தோரியம் நிறைய இருந்தபடியால் தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். கலை, சிற்பம் என்று எழுதிப் பேர்பெற்ற அதே குமாரசாமிதான்.

பேட்டன்ட் இருந்தா நல்ல சாமான் என்று அரசாங்கமே சொல்லுதுதானே? விலையும் கூடத்தானே?

இரண்டுக்கும் இல்லை. காப்புரிமை அலுவலகம் பார்ப்பது இது புதியதா என்பதை. நல்லதா, நிலைக்குமா என்பதை அல்ல. பிரித்தானியாவில் புதியதா என்பதைக்கூட 1905 இலிருந்துதான் ஒழுங்காகத் தேடிப் பார்த்தார்கள். பிரான்ஸ்காரர் இன்னும் நேர்மை. அங்கே சாமானில் 'பிரெவே எஸ்.ஜி.டி.ஜி.' என்று அடித்திருக்கும். 'அரசாங்கத்தின் உத்தரவாதம் இல்லாமல்' என்பதன் சுருக்கம். வாங்குபவர் அதையே ஒரு தர முத்திரை என்று நினைத்து வாங்கியிருப்பார்.

விலை? எண்ணைக் காட்டி ஒருவர் கூடக் கேட்டால், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் எண் தைத்துத் தராது.

ஒருக்கா எடுத்தா வாழ்நாள் முழுக்கவா?

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. பிரித்தானியாவில் 14, அது 1919 சட்டத்தால் 16 ஆனது. ஜேர்மனியில் 15, 1923 இல் 18 ஆக்கினார்கள். இலங்கையில் இன்றைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20.

நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் மறக்கக்கூடாது. இலண்டனில் எடுத்த காப்புரிமை இலங்கையில் தானாகச் செல்லாது. 1906 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி இங்கே தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

மறுகா, அந்த வருசம் முடிஞ்சா யாரும் செய்யலாமா?

செய்யலாம். காலம் முடிந்த கண்டுபிடிப்பு ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ஆனால் பெயர் வேறு, பொருள் வேறு. மடக்குக் கத்திக்குப் பதிலாக மெல்லிய பிளேட் போட்டுச் சவரம் செய்யும் றேசருக்கு கிங் ஜில்லெட் 1904 நவம்பர் 15 இல் காப்புரிமை பெற்றார். 17 ஆண்டு கழித்து 1921 இல் அது முடிந்தது. அதன் பிறகு அதே மாதிரி றேசரை எவரும் செய்யலாம். 'ஜில்லெட்' என்று பெயர் குத்த முடியாது. பெயர் வியாபாரக் குறி, அது பாவிக்கும்வரை உயிரோடு இருக்கும்.

எங்கட நெல் மில்லில இருக்கிற பழைய ஹலரும் பேட்டன்ட் சாமானா?

ஆம், சம்மாந்துறைப் பக்கத்து மில்காரர் ஒருவர் இதைக் கேட்டதில் எனக்குப் பெரிய சந்தோசம், ஏனென்றால் இதன் கதை யாருக்கும் தெரியாது. ஹலர் என்றால் தோல் உரிக்கும் மெசின். இரும்பு ஹலரின் மூலவர் எவரிஸ்டோ கொன்ராடோ எங்கல்பேர்க் என்ற பிறேசில்காரர். 1885 இல் கோப்பிக் கொட்டையின் தோலை நீக்கத்தான் செய்தார். நெல்லுக்கும் அது பொருந்தியது. 1888 இல் அமெரிக்காவின் சிரக்கியூசில் அவர் பெயரிலேயே கொம்பனி தொடங்கி உலகமெல்லாம் அனுப்பினார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. வரி வரியாக மேடு வைத்த இரும்பு உருளை ஒன்று, ஓட்டைத் தகட்டுக் கூட்டுக்குள் சுற்றுகிறது. பக்கத்தில் முன்னே பின்னே தள்ளக்கூடிய ஒரு கத்தி. நெல் அந்த இடுக்கில் நெரிபடும்போது மணியோடு மணி உரசியே தோல் உரிகிறது. உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டுத் தகட்டு ஓட்டையால் கீழே கொட்டும், அரிசி மறுமுனையால் வரும். குறை என்னவென்றால், கத்தியைக் கொஞ்சம் கூடத் தள்ளினால் குறுணல்தான் மிச்சம். உமியைத் தனியாக, தவிட்டைத் தனியாக எடுக்கவும் முடியாது. அதனால்தான் பிறகு றப்பர் உருளை மெசின்கள் இதன் இடத்தைப் பிடித்தன. ஆனாலும் அவித்த நெல்லைப் போட்டால் இந்தக் கிழவன் இன்னும் மோசமில்லை. அவித்த மணி இறுகியிருப்பதால் குறைவாகவே உடையும்.

முதல்ல கண்டுபிடிச்சவருக்குத்தானே பேட்டன்ட் கிடைக்கும்?

கிடைக்க வேண்டும். நடந்தது எப்போதும் அப்படி அல்ல.

வோல்டர் ஹன்ட் என்பவர் 1830 களிலேயே பூட்டுத் தையல் மெசின் ஒன்று செய்தார். காப்புரிமை எடுக்காமல் விட்டார். பின்னால் ஹோவோடு தகராறு வந்தபோது, முதலில் செய்தது நீர்தான், ஆனால் கேட்காமல் விட்டுவிட்டீர் என்றார்கள். ஊக்கைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1849 இல் எடுத்த அந்தக் காப்புரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார்.

டன்லொப் கதை இதற்கு மறுபக்கம். பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்து 1888 இல் காப்புரிமை பெற்றார். இரண்டு வருடத்தில் அது செல்லாது என்றாகிவிட்டது. ஏன்? ரொபர்ட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இலேயே குதிரை வண்டிக்குக் காற்று டயர் எழுதிக் காப்புரிமை எடுத்திருந்தார். அப்போது யாரும் வாங்கவில்லை, எல்லாரும் மறந்துபோனார்கள். மறந்தாலும் கடதாசி இருந்தது. டன்லொப் கொம்பனி தப்பியது வேறொருவரின் மூளையால். டயரின் ஓரத்தில் கம்பி வைத்து றிம்மில் உட்காரவைக்கும் முறையை வெல்ச் என்பவர் 1890 இல் செய்தார். கொம்பனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. இன்று உங்கள் சைக்கிளில் இருப்பது வெல்சின் டயர், டன்லொப்பின் பெயர்.

றலி சைக்கிளின் பின் சில்லு நடுவில் இருக்கும் மூன்று கியர் ஹப்பிலும் இப்படி ஒன்று. ஸ்டேர்மி ஆர்ச்சர் என்று பெயர் வெட்டியிருக்கும். உள்ளே இருக்கும் மூளை வில்லியம் றைலி என்பவருடையது. அவர் முந்திய ஹப் ஒன்றின் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துச் சிக்கியிருந்தபடியால், புதியதை 1902 இல் ஆர்ச்சரின் பெயரில் போட்டார்கள்.

ரைட் சகோதரர்கள் விமானத்துக்கே பேட்டன்ட் எடுத்தாங்களாமே? அப்ப மற்றவன் எப்படிப் பறந்தான்?

அவர்கள் எடுத்தது விமானத்துக்கு அல்ல, பறக்கும்போது கட்டுப்படுத்தும் முறைக்கு. விண்ணப்பம் போட்டது 1903 மார்ச் 23. எஞ்சினோடு பறந்தது 1903 டிசம்பர் 17. அதாவது பறக்க முன்பே விண்ணப்பம் உள்ளே இருந்தது. அதில் எஞ்சின் பற்றிய பேச்சே இல்லை. ஒரு பக்க இறக்கையின் நுனியை முறுக்கி, மறுபக்கத்தை எதிராக முறுக்கி, கூடவே பின் சுக்கானையும் திருப்பிச் சமநிலை பிடிப்பது எப்படி என்பதுதான் உள்ளடக்கம். 1906 மே 22 இல் 821,393 என்ற எண்ணில் கிடைத்தது.

கேட்டவர் கேட்ட கேள்வி சரியானது. முதல் பதிலில் சொன்ன தடுக்கும் உரிமை இங்கே முழுவேகத்தில் வேலை செய்தது. விமானம் செய்த இன்னொரு அமெரிக்கரான கிளென் கேர்ட்டிஸ், இறக்கையை முறுக்காமல் தனிச் சின்ன மடல் வைத்துப் பறந்தார். அதுவும் எங்கள் உரிமைக்குள் வருகிறது என்று வழக்குப் போட்டார்கள். 1914 இல் ரைட் பக்கம் தீர்ப்பு வந்தது, ஆனால் சகோதரர்களில் ஒருவரான வில்பர் 1912 இலேயே நெருப்புக் காய்ச்சலில் இறந்துவிட்டார். 1917 இல் போருக்கு விமானம் தேவைப்பட்டபோது, தையல் மெசின்காரர்கள் செய்தது போலவே எல்லாரையும் ஒரு கூட்டில் சேர்த்துப் பிரச்சினையை முடித்தார்கள். என் அபிப்பிராயம்: அவ்வளவு காலம் நீதிமன்றத்தில் நின்றதற்குப் பட்டறையில் நின்றிருக்கலாம்.

ஒரு சாமானைச் செய்யாமலே பேட்டன்ட் வச்சுக் காசு பறிக்கலாமா?

பறித்திருக்கிறார்கள். ஜோர்ஜ் செல்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1879 இல் மோட்டார் வண்டிக்கு விண்ணப்பம் போட்டார். பிறகு திருத்தம், திருத்தம் என்று இழுத்து 1895 இல்தான் காப்புரிமையைக் கையில் வாங்கினார். கணக்கைப் பாருங்கள்: 17 ஆண்டு வழங்கிய நாளிலிருந்துதானே எண்ணப்படும்? ஊரில் கார் ஓடத் தொடங்கும் நேரம் பார்த்து அவரது மணிக்கூடு ஓடத் தொடங்கியது. கார் செய்த கொம்பனிகள் ஒவ்வொரு காருக்கும் அவர் பக்கத்துக்குப் பணம் கட்டின. ஹென்றி ஃபோர்ட் மறுத்தார். 1909 இல் தோற்றார், 1911 இல் மேன்முறையீட்டில் வென்றார். காப்புரிமை செல்லும், ஆனால் அதில் எழுதியிருப்பது பிறெய்டன் வகை எஞ்சின், ஃபோர்ட் போடுவது ஒட்டோ வகை, ஆகவே அத்துமீறல் இல்லை என்றது நீதிமன்றம். எழுதியதற்கு மட்டும்தான் உரிமை.

பெண்கள் ஒருத்தரும் இல்லையா சேர்? (பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கேட்டது)

இருக்கிறார்கள். மழையில் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் இருக்கிறதே, அதற்கு 1903 நவம்பர் 10 இல் காப்புரிமை பெற்றவர் மேரி அன்டர்சன். சாரதி உள்ளே இருந்தே ஒரு பிடியை இழுத்தால் வெளியே றப்பர் பட்டை துடைக்கும். 1905 இல் ஒரு கனேடியக் கொம்பனியிடம் கொண்டுபோனார். இதற்கு வியாபாரப் பெறுமதி இல்லை என்றார்கள். 1920 இல் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாக் காரிலும் வைப்பர். அவருக்கு ஒரு சதமும் இல்லை.

நம்ம தமிழ் ஆட்கள் யாராவது?

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்கித் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தார். ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் அதைச் செய்து கொடுத்தது. அவர் பிடித்த சூட்சுமம், தட்டினாலும் கடதாசி நகராத விசை. புள்ளியை முதலில் தட்டினால் உருளை அசையாது, அடுத்து எழுத்தைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். அரசாங்கக் கச்சேரியில் பழைய தட்டச்சுக்காரர்களைக் கேளுங்கள், விரல் இன்னும் ஞாபகம் வைத்திருக்கும்.

எல்லாம் கண்டுபிடிச்சு முடிஞ்சுது, அலுவலகத்தை மூடலாம் என்று 1899 இல அமெரிக்கப் பேட்டன்ட் தலைவர் சொன்னாராமே?

சார்ல்ஸ் டுவெல் தலையில் கட்டிய கதை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. மேலே எண்களைப் பாருங்கள்: 1900 தொடக்கத்தில் ஆறு இலட்சத்து நாற்பதாயிரம், 1911 இல் பத்து இலட்சம். மூடுகிற நிலைமையா அது?

என்ர மச்சான் கரண்டும் இல்லாம எண்ணெயும் இல்லாமத் தானாச் சுத்துற சக்கரம் செய்றார். பேட்டன்ட் எடுக்கலாமா?

இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு தரம் வரும். அநேகமாக ஒரே வடிவம்: சக்கரத்தில் மடங்கும் கை, நுனியில் பாரம். ஒரு பக்கம் கை நீண்டு பாரம் கூடும், மறுபக்கம் மடங்கிக் குறையும், ஆகவே சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது எண்ணம். நீண்ட பக்கத்தில் பாரம் தூரத்தில் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த நேரமும் கைகளின் எண்ணிக்கை குறைவு. எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாகிவிடும். மிச்சம் இருக்கும் ஓட்டத்தை உராய்வு தின்றுவிடும். அமெரிக்க அலுவலகம் 1880 இல் மாதிரிப் பொருள் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆனால் இந்த வகை விண்ணப்பத்துக்கு மட்டும் ஓடும் மாதிரியைக் கொண்டு வா என்று கேட்பார்கள். மச்சானிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மகன் நெல் காயவைக்கிற வாரி ஒன்று புதுசாச் செய்து முகநூலில வீடியோவும் போட்டுட்டான். இனிப் பேட்டன்ட் எடுக்க ஏலாதா?

இங்கே ஏலும், அவசரப்பட்டால். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உலகில் எங்கேயாவது ஏற்கெனவே வெளியானது புதியதாகாது. தொம்சன் டன்லொப்புக்குச் செய்தது அதைத்தான். ஆனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் நம் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. ஐரோப்பாவில் அந்த இரக்கம் கிடையாது. ரைட் சகோதரர்கள் பறக்க முன்பே விண்ணப்பம் போட்டது சும்மா இல்லை.

விண்ணப்பம் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன் மகனை இணையத்தில் பழைய காப்புரிமைகளைத் தேடச் சொல்லுங்கள், படங்களோடு இலவசமாகவே கிடைக்கும். நெல், தானியம், உலர்த்தல் என்று மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். பிறகு வாரியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், பார்ப்போம். வீடியோ போட்ட திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.